பெயர் இருந்த இடம்

அந்தப் பெயரை இப்போது எந்தக் காகிதத்திலும் அச்சடிக்க முடியாது. மை ஒட்டாது. பேனாவால் எழுதினால் கடைசி எழுத்தை முடிப்பதற்குள் முதல் எழுத்து கரைந்துபோய், அந்த இடத்தில் விரல் நகம் அளவுக்கு ஈரம் மட்டும் நிற்கும். நகராட்சி ஆபீசில் மூன்று வகை மையால் எழுதிப் பார்த்தார்கள். ஒரு முறை தாரில் தோய்த்த குச்சியாலும் எழுதிப் பார்த்தார்கள். பிறகு பிறப்புப் பதிவேட்டில் அந்த வரிகளை ஈரத்தோடு அப்படியே விட்டுவிட்டார்கள். ஆகவே இங்கேயும் அந்தப் பெயர் வராது. வாயால் சொல்லலாம். சொல்கிறவர் எதற்காகச் சொல்கிறார் என்பதைப் பொறுத்து அதற்கும் ஒரு விளைவு உண்டு.

இதெல்லாம் ஆரம்பித்த காலத்தில் ஊரில் அந்தப் பெயர் வைத்த பெண்கள் பதினொரு பேர்தான். அதிகம் புழங்காத பெயர். ஒரு பஸ் கண்டக்டர், தபால் ஆபீசில் ஸ்டாம்ப் விற்கிறவர், பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர், மீன் விற்கிற ஓர் அம்மாள் என்று தெருவுக்கு ஒருவராகச் சிதறிக் கிடந்தார்கள். ஒருவரை ஒருவர் தெரியாது. பதினோராவது ஆள் ஒரு வாரப் பத்திரிகையில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டரிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. ஒரே ஒரு ஜன்னல், அதையும் பழைய இதழ்க் கட்டுகள் பாதி மறைத்திருக்கும். அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து பன்னிரண்டு வருஷமாகச் சிவப்பு மையால் அடுத்தவர் தப்பைத் திருத்தி வந்தாள். ஆபீசில் எல்லாருக்கும் அவள் ‘புரூஃப் அக்கா’. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த ஆசிரியரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது அம்மா. அம்மாவுக்கு டிப்போவில் பஸ் கழுவுகிற வேலை. நிறைமாதத்தில் ஒரு நாள் வேலை முடிந்து பாலத்தின் மேல் நடந்து வந்துகொண்டிருந்தபோது, நாலு வருஷமாக வெறும் மணலாகக் கிடந்த ஆற்றில் தண்ணீர் வந்தது. முதலில் ஓசை வந்தது, பிறகு நுரை. அதன் பின்னால் சுள்ளியும் செத்தையும் ஒற்றைச் செருப்பும் யார் வீட்டிலிருந்தோ பெயர்த்துக்கொண்டு வந்த ஒரு கதவும் உருண்டு வந்தன. கடைசியில்தான் தண்ணீர், தேநீர் நிறத்தில். அம்மாவுக்குக் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடியே வலி எடுத்துவிட்டது. காய்ந்த ஆற்றில் முதலில் வந்து சேர்கிற தண்ணீருக்கு மொழியில் ஒரு பழைய சொல் உண்டு என்று பிரசவ வார்டு நர்ஸ் சொன்னாள். அந்தச் சொல்லே பெயராயிற்று. “அந்தத் தண்ணிய வாயில வைக்க முடியாதுடி, அவ்ளோ அழுக்கு. ஆனா என்ன சத்தம் போட்டுச்சு தெரியுமா, பாலமே நடுங்குச்சு” என்று அம்மா மகளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். மகள் அந்தக் கதையைப் பெருமையாக நாலு பேருக்குச் சொல்வாள். சொல்லக்கூடாத ஓர் ஆளுக்கும் ஒரு நாள் சொன்னாள்.

அந்த ஆள் பத்திரிகையின் தொடர்கதை எழுத்தாளர். இருபது வருஷமாக வாராவாரம் கதையின் அடியில் ‘தொடரும்’ போட்டு வந்ததால் அவருக்கு ஊரில் ‘தொடரும் சார்’ என்றே பெயர். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் அவளுடைய மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, “பன்னெண்டு வருஷமா அக்கா அக்கான்னே ஓட்டிட்டோம், உங்க நிஜப் பேரு என்னம்மா?” என்று கேட்டார். அவள் பெயரைச் சொன்னாள். பாலம், நுரை, உருண்டு வந்த கதவு எல்லாவற்றையும் சொன்னாள். “அடடா, இத்தனை நாளா எங்கம்மா ஒளிச்சு வெச்சிருந்தீங்க” என்று அவர் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். மூன்றாவது வாரம் புதிய தொடர்கதைக்கு முழுப்பக்க விளம்பரம் வந்தது. கதாநாயகிக்கு அவள் பெயர். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை.

அந்தப் பத்திரிகையில் வேலை நடக்கும் முறையைச் சொல்ல வேண்டும், பின்னால் நடந்ததெல்லாம் அதனால்தான். திங்கட்கிழமை கதை வரும். செவ்வாய்க்கிழமை புரூஃப் அக்கா சிவப்பு மையால் திருத்துவாள். திருத்திய தாள் தொடரும் சாரிடம் போகும். அவருக்கு ஒரு திருத்தம் பிடிக்காவிட்டால், அவள் அடித்த சொல்லுக்குக் கீழே பச்சை மையால் வரிசையாகப் புள்ளி வைத்து ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதுவார். அதற்கு மேல் பேச்சில்லை. பன்னிரண்டு வருஷத்தில் அவள் எத்தனையோ ஆயிரம் ‘இருக்கட்டும்’களைப் பார்த்திருக்கிறாள். ஒரே ஒரு வகைத் திருத்தம் மட்டும் அவரிடம் போகாது. முன்பு ஒரு தொடரில் கதாநாயகனின் பெயரைப் பதினாலாவது வாரம் அவர் மறந்துபோய் வேறு பெயர் வைத்துவிட, ‘முதல் புருஷன் என்ன ஆனான்’ என்று கேட்டு முந்நூறு கடிதம் வந்தது. அன்று முதல் பெயர்த் திருத்தம் என்றால் ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி, நேராகக் கணினியில் பக்கம் கட்டுகிற பெண்ணிடம் கொடுத்துவிட வேண்டும், எழுத்தாளரைக் கேட்கக்கூடாது என்று ஆசிரியர் உத்தரவு போட்டார். புதன்கிழமை அச்சு. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு பஸ் நிலையக் கடையில் கட்டுப் பிரிப்பார்கள்.

முதல் வெள்ளிக்கிழமை கட்டுப் பிரித்த நேரத்தில் புரூஃப் அக்கா தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து புருஷனுடைய ரப்பர் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். டப்பா மூடியைக்கூடச் சத்தம் வராமல் மூடுகிற மனிதர். பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்துவிட்டு, “என்ன ஆச்சு உனக்கு?” என்றார்.

“எனக்கு ஒண்ணும் ஆகல. கை தானா பண்ணுது.”

“ரப்பர் செருப்புக்கு எதுக்கு பாலிஷு?”

“அதத்தான் நானும் கேட்டுட்டு இருக்கேன்” என்றாள். கை நிற்கவில்லை. முதல் அத்தியாயத்தில் கதாநாயகி விடியும் முன் எழுந்து கணவனின் காலணிகளை முகம் தெரியும்படி துடைத்து வைப்பாள் என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அதே நேரத்தில், கல்யாணமே ஆகாத தபால் ஆபீஸ் பெண் பக்கத்து வீட்டுக்காரருடைய செருப்பை எடுத்துத் துடைத்து, அவர் மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இரண்டாவது வாரம் அறை விழுந்தது. கதையில் கணவன் அறைந்தான். காலை ஆறு மணிக்கு ஊரில் பதினொரு இடது கன்னங்களில் நாலு விரல் தடம் பதிந்தது. வலித்தது. புரூஃப் அக்காவின் புருஷன் தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், “நான் அடிக்கலீங்க, சத்தியமா நான் இல்லீங்க” என்று சொல்லிக்கொண்டே கடைக்குப் போனார். யாரும் நம்பவில்லை, யாருக்கும் அது பெரிய விஷயமாகவும் படவில்லை. ‘குடும்பம்னா அப்படி இப்படித்தான்’ என்று அவருக்கே ஆறுதல் சொன்னார்கள். அவர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. அவளோ ஆறு நாற்பது பஸ்ஸில் ஏறி, சில்லறை நீட்டியபோது, கண்டக்டரின் இடது கன்னத்திலும் அதே நாலு விரலைப் பார்த்தாள். கண்டக்டரும் அவள் கன்னத்தைப் பார்த்தாள்.

“உங்க வீட்லயுமா?” என்றாள் கண்டக்டர்.

“எங்க வீட்ல இல்ல. எங்க ஆபீஸ்ல” என்று புரூஃப் அக்கா பதில் சொன்னாள்.

பதினொரு பேரும் ஒரு மாதத்துக்குள் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துவிட்டார்கள். அடையாளம் முகத்திலேயே இருந்ததால் கஷ்டம் இருக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை சாயங்காலமும் புரூஃப் அக்கா பஸ் நிலையத்துப் படிக்கட்டில் நின்று, வரப்போகிற வெள்ளிக்கிழமை என்ன என்பதை அறிவித்தாள். மாவட்ட வானிலை போல அது ஓர் ஏற்பாடாகிவிட்டது. “இந்த வாரம் சோறு கிடையாது, மூணு நாள் பட்டினி.” “இந்த வாரம் மாமியார் கையால சூடு, வலது முழங்கையில.” “இந்த வாரம் மழையில வெளிய நிறுத்திடறான், துணி ரெண்டு செட் எடுத்து வெச்சுக்கோங்க.” மீன்கார அம்மாள் ஒரு தடவை, “நல்லதா எதுவுமே எழுத மாட்டானாடி அவன்?” என்று கேட்டார். “இந்த வாரம் ஒரு ரோஜாப் பூ குடுக்கறான். அப்புறம் அதையும் பிடுங்கிடறான்” என்றாள் புரூஃப் அக்கா. காயம்கூடப் பரவாயில்லை. பதின்மூன்றாவது வாரம் கதாநாயகி எல்லாவற்றையும் மன்னித்தாள். அந்த வெள்ளிக்கிழமை முழுவதும் பதினொரு பேரின் நாக்கும் யார் என்ன செய்தாலும் ‘பரவாயில்லைங்க’ என்று சொன்னது. கண்டக்டரின் காலை ஒருவன் வேண்டுமென்றே மிதித்தான், பரவாயில்லைங்க. டிரில் டீச்சரின் பதவி உயர்வை ஜூனியருக்குக் கொடுத்தார்கள், பரவாயில்லைங்க. அன்று ராத்திரி நாக்கு தன் வசம் திரும்பியதும் டிரில் டீச்சர் மைதானத்துக்குப் போய் விசில் உடைகிற வரைக்கும் ஊதினாள்.

பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று கண்டக்டர் கிளம்பினாள். விண்ணப்பம் போட்டால் எட்டு மாதம் ஆகும் என்றார்கள். நாலு பேர் சேர்ந்து ஆசிரியரிடம் போய்ச் சட்டைக் கையை மடித்துக் காட்டினார்கள். அவர் அசந்துபோனார். அடுத்த இதழின் அட்டையில் ‘ஊரே உடம்பில் உணரும் எழுத்து’ என்று கொட்டை எழுத்தில் போட்டார். ஒன்பதாயிரம் போய்க்கொண்டிருந்த பத்திரிகை நாற்பதாயிரம் போயிற்று. கதாநாயகியின் பொறுமையில் மயங்கிய பெற்றோர்கள் பிறக்கிற பெண் குழந்தைகளுக்கெல்லாம் அந்தப் பெயரை வைக்க ஆரம்பித்தார்கள். மூன்று மாதத்துக்குள் நாற்பத்து மூன்று குழந்தைகள். பெயருக்கு அர்த்தம் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். பத்திரிகையில் ‘பெயரும் பொருளும்’ என்று ஒரு பகுதி உண்டு. அதை ‘பேராசிரியர்’ என்ற புனைபெயரில் எழுதுகிறவரும் தொடரும் சார்தான். அவர் எழுதிய பதில் இது: ‘பொருள்: பொறுத்துப்போகிறவள். அசையாத குளத்து நீர் என்றும் கொள்ளலாம். இலக்கியத்தில் காத்திருக்கும் பெண்களுக்கு இப்பெயர் பெருவழக்கு.’

புரூஃப் அக்கா அந்த வரியை அடித்து, பக்கத்தில் சரியான அர்த்தத்தை எழுதினாள். தாள் திரும்பி வந்தபோது அடியில் பச்சைப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. இருக்கட்டும்.

கோபத்தை அவள் அதுவரை சிவப்பு மையில்தான் காட்டி வந்தாள். அந்த வாரம் அது போதவில்லை. காரணம், குழந்தைகள். பதினாறாவது வாரத்திலிருந்து கதாநாயகி உதட்டைக் கடித்துக்கொண்டு அழுகையை விழுங்கினாள். நாற்பத்து மூன்று குழந்தைகளும் அழுவதை நிறுத்திவிட்டன. பசித்தாலும் அழவில்லை, எறும்பு கடித்தாலும் அழவில்லை. உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தன. பெற்றவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ‘பெயர் ராசி’ என்றார்கள். ஒரு வீட்டில் குழந்தையின் தொடையில் ஊக்கு குத்தியே இரண்டு நாள் இருந்திருக்கிறது. குளிப்பாட்டும்போதுதான் பார்த்தார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்று புரூஃப் அக்கா நேராகத் தொடரும் சாருடைய வீட்டுக்குப் போனாள்.

அவருடைய எழுதும் அறையில் சுவர் தெரியாமல் புத்தகம். அவர் மரியாதையாக உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

“பேர மாத்துங்க சார். உங்களுக்கு ஒரு நிமிஷ வேலை.”

“கதை பாதியில பேர மாத்தினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்மா. முந்நூறு லெட்டர்.”

“ஊக்கு குத்தி ரெண்டு நாள் கெடந்திருக்கு சார் ஒரு குழந்தை.”

“நான் குத்தலையேம்மா” என்றார் அவர், உண்மையாகவே வருத்தப்பட்டு. பிறகு ஏணியில் ஏறிப் பழைய புத்தகங்களை எடுத்து அவள் முன்னால் அடுக்கினார். “நான் என்ன புதுசாவா பண்றேன்? பாருங்க. காலங்காலமா இந்தப் பேருக்கு இதான் வேலை.”

அவள் நின்றபடியே படித்தாள். படிப்பது அவள் தொழில். வேகமாகப் படித்தாள். அவர் சொன்னது பொய்யில்லை. ஒரு காவியத்தில் அந்தப் பெயர்க்காரி ஜன்னலோரம் பதினேழு வருஷம் நின்று, வந்தவன் அடையாளம் தெரியாமல் நீ யார் என்று கேட்டபோது செத்துப்போனாள். இன்னொன்றில் சந்தேகப்பட்டவனுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு விஷம் குடித்தாள். ஒரு நாடகத்தில் தம்பிகளின் மானத்துக்காக. ஒரு தனிப்பாட்டில் மெலிந்து மெலிந்து வளையல் இடுப்புக்கு ஏறும் அளவுக்கு. எழுநூறு வருஷத்தில் ஒன்பது புத்தகம், ஒன்பதிலும் அவள் நின்றுகொண்டிருந்தாள், அல்லது செத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது பேரும் நன்றாக எழுதியிருந்தார்கள், அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுக்கின் அடியில், அவர் திறந்தே பார்த்திராத ஒரு மெல்லிய புத்தகம் இருந்தது. பக்கங்கள் ஒட்டிக்கிடந்தன. அவள் நகத்தால் பிரித்தாள். எல்லாவற்றுக்கும் மூத்த பாட்டு அது. அதில் அந்தப் பெயரில் பெண்ணே இல்லை. தண்ணீர்தான் இருந்தது. ஏழு கரைகளை உடைத்துக்கொண்டு வந்தது, அரசனுடைய நெற்களஞ்சியத்தைச் சாவியோடு அடித்துக்கொண்டு போயிற்று. ‘ஓசையை முன்னால் அனுப்பி வருகிறாள், வழி விடுங்கள்’ என்று பாடியவர் ஊரை எச்சரிக்கிறார். அவ்வளவுதான் பாட்டு. அடுத்து வந்த கவிஞர் அந்தத் தண்ணீரைப் பெண்ணாக்கினார். ஆக்கியதும் முதல் வேலையாக ஜன்னலோரம் நிற்க வைத்தார்.

“இதப் படிச்சிருக்கீங்களா சார்?”

“அது துண்டுப் பாட்டும்மா. கதை இல்ல பாருங்க அதுல.”

அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். படி இறங்கும்போது பின்னாலிருந்து அவர், “காபி சாப்பிட்டுட்டுப் போகலாமேம்மா” என்றது கேட்டது.

இருபத்து மூன்றாவது வாரம் பத்திரிகையில் ஒரு கூப்பன் வந்தது. ‘கதாநாயகியின் முடிவு உங்கள் கையில். அ) விஷம் ஆ) ரயில் இ) கிணறு. வெட்டி அனுப்புங்கள். சரியாக ஊகிக்கும் பத்துப் பேருக்குப் பிரஷர் குக்கர்.’ ஈ) என்று ஒன்று இல்லை. இருபத்து மூவாயிரம் கூப்பன்கள் வந்தன. நாலு சாக்கு. பாதிக்கு மேல் பெண்கள் கையெழுத்து. ‘பாவம், அவளுக்கு விடுதலை கொடுங்கள்’ என்று ஓரத்தில் எழுதி, கிணற்றுக்கு நேரே பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். கிணறு ஜெயித்தது. குக்கர் வாங்க ஆள் போயிற்று. புரூஃப் அக்கா ஆசிரியருடைய மேஜை முன்னால் நின்று, அம்பத்து நாலு உசுரு சார் என்றாள். பதினொன்றும் நாற்பத்து மூன்றும். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மக்கள் முடிவு பண்ணிட்டாங்க அக்கா. நம்ம கையில என்ன இருக்கு?”

திங்கட்கிழமை கடைசி அத்தியாயம் வந்தது. அவள் பெயர் அதில் நூற்றுப் பன்னிரண்டு இடத்தில் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டாவது இடத்தில் கிணறு. செவ்வாய்க்கிழமை காலை அவள் ‘குதித்தாள்’ என்பதை அடித்து ‘திரும்பி நடந்தாள்’ என்று எழுதி அனுப்பினாள். பதினொரு மணிக்குத் தாள் திரும்பி வந்தது. பச்சைப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. இருக்கட்டும். அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள்.

“அம்மா, நீ வெச்ச பேர நான் எடுத்துடலாம்னு இருக்கேன். மொத்தமா. இனி யாருக்கும் அது இல்லாம.”

அம்மாவுக்குப் பின்னால் டிப்போவில் பஸ் ஒன்று உறுமுவது கேட்டது. ஓய்வு பெற்ற பிறகும் அம்மா அங்கேதான் போய் உட்கார்ந்திருப்பார்.

“அதுக்கு எதுக்குடி அழுவுற?”

“அழல. கோவமா இருக்கு.”

“கோவம்னா சரி. அது நின்னுட்டு இருக்கற தண்ணியாடி? பிடிச்சு வெச்சதே தப்பு. வுடு, போவட்டும்.”

அவள் ஒரு மஞ்சள் சீட்டை எடுத்தாள். ‘தவறு’ என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். வாழ்க்கையில் அதை அவ்வளவு நிதானமாக எழுதியதில்லை. அதன்மேல் நீக்கல் குறியைச் சுழித்தாள். ‘சரி’ என்ற கட்டத்தை வெறுமையாக விட்டாள். ஓரத்தில், பெயர் வருகிற எல்லா இடத்திலும் திருத்தச் சொல்ல வழக்கமாக எழுதுகிற சொல்லை எழுதினாள்: ‘முழுவதும்.’

பக்கம் கட்டுகிற பெண் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். “சரிங்கற எடத்துல ஒண்ணுமே இல்லையேக்கா.”

“ஒண்ணும் இல்லதான். அப்படியே போடு.”

“கதாநாயகிக்குப் பேரே இல்லாமலா? சார் கத்துவாரு.”

“பேர்த் திருத்தம் சாருக்குப் போகாது. ரூல்.”

அந்தப் பெண்ணின் அண்ணன் குழந்தை நாற்பத்து மூன்றில் ஒன்று. அவள் வேறெதுவும் கேட்காமல் பொத்தானை அழுத்தினாள். திரையின் மூலையில் எத்தனை இடம் நீங்கியது என்று எண் ஓடும். நூற்றுப் பன்னிரண்டில் நிற்க வேண்டியது நிற்கவில்லை. நானூறு, ஆயிரத்து எண்ணூறு, பழைய இதழ்கள் அத்தனையும் சேர்ந்த கணக்கு, அதற்கு மேலும் ஓடியது. அந்தக் கணினி எந்தக் கம்பியாலும் எங்கேயும் இணைக்கப்படாதது. சாயங்காலம் நாலு மணி வரை எண் ஏறிக்கொண்டிருந்தது. கடைசிப் பத்து எண்கள் மிக மெதுவாக, தடித்த புத்தகங்களைப் புரட்டுகிற வேகத்தில், ஒவ்வொன்றாக ஏறின. பிறகு நின்றது. புரூஃப் அக்கா தன் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தாள். போட்டோவுக்குப் பக்கத்தில் ஈரமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு நாற்பதாயிரம் பிரதிகளில் கதாநாயகி இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது. அதே ஆறு மணிக்கு நாற்பத்து மூன்று குழந்தைகளும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தன. பத்து வாரம் விழுங்கி வைத்த அழுகை. மூன்று பகல் மூன்று ராத்திரி ஊரில் யாரும் தூங்கவில்லை. பஸ்கள் ஹாரன் அடித்தும் பிரயோஜனம் இல்லை என்று விட்டுவிட்டன. அந்தச் சத்தத்தோடு சத்தமாகப் பாலத்துப் பக்கமிருந்து இன்னொரு சத்தம் கேட்டபோது முதலில் யாரும் பிரித்தறியவில்லை. புரூஃப் அக்காவின் அம்மாதான் டிப்போவிலிருந்து எழுந்து போய்ப் பார்த்தார். ஆறு வருஷமாகக் காய்ந்து கிடந்த ஆறு. நுரை, சுள்ளி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கூப்பன் சாக்கு, அதற்குப் பின்னால் தேநீர் நிறத்தில் தண்ணீர்.

கதையில் எழுதின கிணறு மிச்சமிருந்தது. குதிக்க ஆள் இல்லாததால் அது தன்னை எழுதினவரைத் தேடிப் போயிற்று. தொடரும் சாருடைய எழுதும் அறையில் அன்று காலை முழங்கால் அளவுக்குக் கிணற்றுத் தண்ணீர் நின்றது, பாசி வாசனையோடு. இறைத்தால் மறுபடி ஊறும். அடுத்த அறையில் ஒரு சொட்டு இல்லை. அவருடைய மனைவி ஒரு வாரம் இறைத்துப் பார்த்துவிட்டு, பிறகு துணி அலச அதையே உபயோகித்துக்கொண்டார். கோடையில் அக்கம்பக்கத்தாரும் குடத்தோடு வந்தார்கள். அவர் கால்களை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் இப்போதும் எழுதுகிறார், பெரும்பாலும் தோட்டக் குறிப்புகள். குக்கர்கள் பத்தும் ஆபீஸ் பரணில் இருக்கின்றன. கதாநாயகி செத்தாளா என்று தெரியாததால் யாருக்கும் கொடுக்க முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவர் ஈரக் கால்களோடு மூன்று மாடி ஏறி வந்து, புரூஃப் அக்காவின் மேஜை முன்னால் நின்று, “என்ன மன்னிச்சிரும்மா” என்றார்.

“வெள்ளிக்கிழமை சொல்றேன் சார்” என்று அவள் தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். அதற்குப் பிறகு எத்தனையோ வெள்ளிக்கிழமை வந்து போயிற்று. அவள் சொல்லவில்லை. சொல்கிற உத்தேசமும் இல்லை.

வாயால் சொல்வதைப் பொறுத்தவரை ஊர் சீக்கிரமே கற்றுக்கொண்டது. அந்தப் பெயரைச் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டால், விளையாடக் கூப்பிட்டால், ஒன்றும் ஆகாது. அதே பெயரைச் சொல்லி ‘வாயை மூடு’ என்றோ ‘பொறுத்துப் போ’ என்றோ தொடங்கினால், சொல்கிறவருடைய வாயில் மண் கலந்த தண்ணீர் நிறைந்துவிடும். துப்பிவிட்டுத்தான் மேலே பேச முடியும். ஓரிரண்டு மாமியார்களும் ஒரு தலைமை குமாஸ்தாவும் அனுபவப்பட்ட பிறகு அந்த வீடுகளில் எச்சில் கிண்ணம் ஒன்று நிரந்தரமாக வைத்துக்கொண்டார்கள்.

குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிற வயது வந்தபோது, வருகைப் பதிவேட்டில் நாற்பத்து மூன்று வரிகள் ஈரமாக இருந்தன. பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. தலைமையாசிரியை இதற்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டு, தொழில் தெரிந்தவள் என்று புரூஃப் அக்காவை வரவழைத்தார். வகுப்பில் நுழையும்போதே சத்தம் காதைக் கிழித்தது. ஒரு பெண் தன் பென்சிலைப் பிடுங்கினவனிடம், பாலம் நடுங்கும்படியான குரலில், அது தன்னுடையது என்று தெரிவித்துக்கொண்டிருந்தாள். அவன் கொடுத்துவிட்டான்.

“வருஷா வருஷம் புதுப் பதிவேடு வாங்க வேண்டியிருக்குங்க. இதத் திருத்த முடியுமா?” என்றார் தலைமையாசிரியை.

புரூஃப் அக்கா பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். முதல் வெற்றிடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. பேனாவைத் திறந்து, அந்த ஈரத்துக்குக் கீழே வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள் வைத்து, ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதினாள். அதே போல மீதி நாற்பத்து இரண்டுக்கும் எழுதிவிட்டு, பேனாவை மூடி, ஆறு நாற்பது பஸ்ஸின் கண்டக்டரே திரும்பும் வண்டியிலும் இருப்பாள் என்று நேரம் பார்த்துக் கிளம்பினாள். தலைமையாசிரியை அந்த மாதச் சாமான் பட்டியலில் சாக்பீஸ், டஸ்டர் என்பதற்குக் கீழே, பதிவேட்டைத் துடைக்க ஒரு துண்டு என்று சேர்த்தார்.